கம்பிச் சில்லுக்கு ரியூப்லெஸ் ரயர் போடலாமா? யாழ்ப்பாணத்தில் புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரியூப்லெஸ் என்று சொல்லி வாங்கிப் போட்ட ரயருக்குள் இருந்து, காற்றுப் போன அன்று, கடைக்காரர் ஒரு ரியூப்பை இழுத்து எடுப்பார். பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். கம்பிச் சில்லில் ரியூப் வேண்டுமா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ரயர் உட்காரும் உலோக வளையமான றிம்தான், ரயர் இல்லை. புதிதாகப் பைக் வாங்கியவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்துவிடும்.

கம்பிச் சில்லு ஏன் காற்றைப் பிடிக்காது

நம் ஊரில் ஓடும் சின்ன பைக்குகளின் சில்லில் பெரும்பாலும் 36 கம்பி இருக்கும். ஒவ்வொரு கம்பியும் றிம்மைத் துளைத்து உள்ளே வந்து, அதை இறுக்கிப் பிடிக்கும் நிப்பிள் என்ற சின்ன நட்டில் முடிகிறது. ஆக, காற்று நிற்க வேண்டிய இடத்தில் 36 துளைகள். அதற்கு மேல் வால்வுக்கு ஒன்று. ரியூப்பை எடுத்துவிட்டுக் காற்றடித்தால் அவ்வளவு துளையாலும் காற்று வெளியே வந்துவிடும்.

துளை மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்து, அதை அடைத்தால் சரிதானே என்று பலர் கேட்பார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது முதலாவதை விட முக்கியமானது. ரயரின் இரண்டு ஓரங்களிலும் உள்ளே கம்பி வைத்த தடித்த விளிம்பு இருக்கிறதல்லவா, அது றிம்மின் ஓரத்தில் போய் உட்காரும். ரியூப்லெஸுக்கென்று செய்த றிம்மில் அந்த விளிம்பு றிம்மின் நடுவில் சுற்றிவர ஓடும் நடுப்பள்ளத்துக்குள் வழுக்கி விழாமல் தடுக்க ஒரு சின்ன மேடு சுற்றிவர ஓடும். ரியூப் றிம்மில் அந்த மேடு இல்லை. உள்ளே இருக்கும் ரியூப்பின் அழுத்தம்தான் ரயரின் விளிம்பை இடத்தில் வைத்திருக்கிறது. காற்று குறைந்தால் விளிம்பு வழுக்கி நடுப்பள்ளத்துக்குள் போகும், ரயர் றிம்மை விட்டு ஆடத் தொடங்கும். முன் சில்லில் இது நடந்தால் ஹான்டில் கைக்குள் நிற்காது.

முதலில் றிம்மைப் படியுங்கள்

பைக்கை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லை மெல்லச் சுற்றி, றிம்மில் அச்சடித்திருக்கும் எழுத்தைத் தேடுங்கள். அகலமும் விட்டமும் அதில் இருக்கும், 1.60 x 18 என்பது போல. அதற்கு முன்னால் எம்.ரி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் நான் சொன்ன மேடு உள்ள வடிவம் அது. டபிள்யூ.எம். என்றிருந்தாலோ வெறும் எண் மட்டும் இருந்தாலோ ரியூப் றிம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ரி. என்று இருப்பதால் மட்டும் ரியூப் இல்லாமல் ஓடலாம் என்று ஆகாது. கம்பித் துளைகள் அங்கேயும் இருக்கின்றன.

கம்பி றிம்மில் எந்த இடத்தில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் இன்னும் தெளிவான அடையாளம். நடுவில் துளைத்துப் போயிருந்தால் ரியூப் தேவை. கம்பிகள் றிம்மின் வெளி ஓரங்களில், ரயர் உட்காரும் அறைக்கு வெளியே மாட்டியிருந்தால் அது ரியூப்லெஸ் கம்பிச் சில்லு. 1980களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ. தன் ஆர் 100 ஜி.எஸ். பைக்கில் இந்த வகைச் சில்லைக் கொண்டுவந்தது. றோயல் என்பீல்ட் ஹிமாலயன் 450 முதலில் ரியூப் சில்லோடு வந்து, பிறகு அதற்கு ரியூப்லெஸ் கம்பிச் சில்லும் கிடைக்கத் தொடங்கியது. நம் ஒழுங்கைகளில் நிற்கும் பழைய ஹொண்டா, பஜாஜ், ஹீரோ ஹொண்டா பைக்குகளில் கம்பிச் சில்லு இருந்தால் அது நடுவில் துளைத்த வகைதான்.

ரயரில் எழுதியிருப்பது

ரயரின் பக்கச் சுவரில் ரியூப் ரைப் என்றோ ரியூப்லெஸ் என்றோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ரியூப்லெஸ் ரயரின் உட்புறத்தில் காற்றுக் கசியாத ஒரு மெல்லிய ரப்பர் படலம் கூடுதலாக இருக்கும். அதற்குள் ரியூப் போட்டு, ரியூப் றிம்மில் ஓட்டுவது வழமையான விஷயம். ரயர் கொம்பனிகள் பலவும் அதை ஏற்றுக்கொள்கின்றன. கடைக்காரர் செய்ததும் அதைத்தான். ஆனால் உள்ளே இரண்டு ரப்பரும் உரசிக் கூடுதலாகச் சூடேறும் என்பதால், வேகமாக நீண்ட தூரம் ஓடுபவர்கள் காற்றின் அளவில் கவனமாக இருக்க வேண்டும். ரியூப் ரைப் என்று எழுதிய ரயரை ரியூப் இல்லாமல் ஓட்டுவது மட்டும் எந்த றிம்மிலும் கூடாது.

அங்கேயே நாலு இலக்கம் கொண்ட ஒரு எண்ணும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த ரயர். புதுசு என்று கடையில் தொங்குவது எத்தனை வருடமாகத் தொங்குகிறது என்பதை இது சொல்லிவிடும். வெயில் படும் இடத்தில் தொங்கிய ரயராக இருந்தால் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஆணி ஏறினால் இரண்டிலும் என்ன நடக்கும்

ரியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் ரயரின் ரப்பர் ஆணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். பல நேரம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரியவரும். சில்லைக் கழற்றாமலே துளையை அராவி, பசை பூசிய ரப்பர் திரியைச் செருகி அடைக்கலாம். பத்து நிமிட வேலை. பக்கச் சுவரில் கிழிந்தால் மட்டும் திரி உதவாது.

ரியூப்பில் அப்படி இல்லை. துளை விழுந்த ரியூப்பில் இருந்து வரும் காற்று கம்பித் துளைகளாலும் வால்வுத் துளையாலும் சட்டென்று வெளியேறும். ஒட்டுவதற்குப் பெரும்பாலும் சில்லைக் கழற்ற வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் ரியூப்லெஸ்தான் மேல், அதில் வாதத்துக்கே இடமில்லை.

ஆனால் நம் ஊர்ச் சூழலில் ரியூப்புக்கும் ஒரு பலம் இருக்கிறது. தீவுப் பக்கத்து உள்வீதிகளிலும் வடமராட்சி கிழக்கின் மண் பாதைகளிலும் கல்லில் அடிபட்டு றிம்மின் ஓரம் நசுங்குவது சாதாரணம். ரியூப்லெஸ் என்றால் அந்த நசுங்கிய இடத்தால் காற்றுக் கசியும். ரியூப் என்றால் சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்திவிட்டு ஓடி வரலாம். மணற்காட்டு மணலில் ஓடக் காற்றைக் குறைப்பவர்களுக்கும் இதே கதைதான். காற்றுக் குறைந்த ரியூப்லெஸ் ரயர் றிம்மை விட்டு விலகிவிட்டால் கைப்பம்பால் அதைத் திரும்ப உட்கார வைப்பது மிகவும் கடினம். கொம்பிரசர் வேண்டும்.

ரேப் ஒட்டி ரியூப்லெஸ் ஆக்கலாமா

இணையத்தில் இதற்கு நிறைய வீடியோ இருக்கிறது. முறை இதுதான். றிம்மின் உட்புறத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, ஒவ்வொரு நிப்பிளின் தலையிலும் கசிவை அடைக்கும் சீலன்ட் பசையை வைத்து, அது நன்றாகக் காயும்வரை விட்டு, அதற்கு மேல் தடித்த ஒட்டுநாடாவை இழுத்துச் சுற்றி ஒட்டி, ரியூப்லெஸ் வால்வைப் பூட்டுவது. 3எம் நிறுவனத்தின் 4412என் நாடாவை இதற்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் அவுடெக்ஸ் போல இதற்கென்றே விற்கும் கிற்றும் உண்டு. நன்றாகச் செய்தால் காற்று நிற்கும், பொய் இல்லை.

அப்படியிருந்தும், யாழ்ப்பாணத்தில் அன்றாடம் ஓடும் ஒரு சாதாரணப் பைக்குக்கு இதைச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

நம்மிடம் இருக்கும் றிம்களில் பெரும்பாலானவை குரோம் பூசிய இரும்பு. பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் வேலைக்குப் போய் வருபவரின் சில்லைக் கழற்றிப் பாருங்கள். வெளியே குரோம் பளபளவென்று இருந்தாலும் உள்ளே நிப்பிளைச் சுற்றித் துரு பிடித்திருக்கும். இருபக்கமும் கடல், காற்றில் உப்பு, மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர். துருவின் மேல் எந்த நாடாவும் நிலைக்காது. துருவைச் சுரண்டி எடுத்து ஒட்டினாலும் அது நாடாவுக்கு அடியில் திரும்ப வளர்ந்து, ஒரு நாள் நாடாவைத் தூக்கிவிடும்.

அடுத்தது கம்பி. கம்பிச் சில்லு என்றால் காலத்துக்குக் காலம் கம்பி தளரும், சில்லு நெளியும், நெளிவு எடுக்க நிப்பிளைத் திருக வேண்டும். நாடா ஒட்டிய றிம்மில் நிப்பிளைத் திருகினால் சீலன்ட் கிழியும். பிறகு எல்லாவற்றையும் பிய்த்து எடுத்து முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குப் பயந்து தளர்ந்த கம்பியோடு ஓடுவார்கள், அப்படி ஓடினால் கம்பி ஒவ்வொன்றாக முறியும். சுலபமாகத் திருத்தக்கூடியது என்பதுதான் கம்பிச் சில்லின் பெரிய குணம். அதை நாமே கெடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவது, மேலே சொன்ன அந்த மேடு. நாடா துளையை அடைக்கும், மேட்டை உண்டாக்காது. ரியூப்லெஸ்ஸின் பெரிய நன்மைகளில் ஒன்று காற்றுக் குறையும்போது ரயர் இடத்தில் நிற்பது. மேடு இல்லாத றிம்மில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதைச் செய்து பார்க்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அலுமினிய றிம், எம்.ரி. வடிவம், பின் சில்லு, இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த, மண் பாதையிலும் ஓடச் செய்த ட்ரெயில் பைக் வைத்திருப்பவர்கள். அவர்களும் முன் சில்லில் ரியூப்பை விட்டுவிடுவதே நல்லது. ஒட்டிய பிறகு காற்றடித்து ஒவ்வொரு நிப்பிளின் மேலும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சில நாள் பைக்கை ஓட்டாமல் நிறுத்தி, காற்றின் அளவு இறங்கவில்லை என்று தெரிந்துகொண்டு வீதிக்கு எடுங்கள். பையில் ஒரு ரியூப் எப்போதும் இருக்கட்டும்.

உண்மையாகவே ரியூப்லெஸ் வேண்டும் என்றால் நேரான வழி கம்பி இல்லாமல் ஒரே வார்ப்பாக வரும் அலோய் சில்லுதான். ஒரே மொடல் பைக் கம்பிச் சில்லோடும் அலோயோடும் வந்திருந்தால், அதே மொடலின் அலோய் சோடியைத் தேடிப் போடுங்கள். பிரேக் ட்ரம், அச்சின் தடிப்பு, செயின் ஓடும் பல்சில்லு எல்லாம் பெரும்பாலும் பொருந்தும். வேறு பைக்கின் சில்லை வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அலோயும் ரியூப்லெஸ் வகைதானா என்று எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ரியூப்போடு ஓடும் அலோயும் உண்டு.

ரியூப்போடு இருப்பவர்கள் அதைச் சரியாகப் போடுங்கள்

மற்ற எல்லோருக்கும் ரியூப்தான். அதில் ஒரு குறையும் இல்லை, ஒழுங்காகப் போட்டால். அடிக்கடி பஞ்சராகிறது என்று சொல்பவர்களின் சில்லுகளில் ஆணியும் முள்ளும் மட்டுமே காரணமாக இருப்பதில்லை. அவசரமாகப் போட்ட ரியூப்பும் ஒரு காரணம். நீங்களே செய்தாலும் சரி, கடையில் நின்று பார்த்தாலும் சரி, வேலையின் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும்.

பின் சில்லு என்றால் கழற்றுவதற்கு முன் செயின் இறுக்கும் இடத்தில் இருக்கும் கோடுகளில் எத்தனையாவதில் அச்சு நிற்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் கம்பியின் நட்டு, பிரேக் தட்டைப் பிடிக்கும் தண்டு, பிறகு அச்சு என்ற ஒழுங்கில் கழற்றுங்கள். அச்சை உருவும்போது விழும் குழாய்த் துண்டுகள் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தன என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது யோசிக்க வேண்டியதில்லை.

வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விடுங்கள். வால்வு நிற்கும் இடத்துக்கு நேரே ரயரில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள், இது பிறகு உதவும். ரயரின் விளிம்பைச் சுற்றிவர மிதித்து றிம்மில் இருந்து விடுவித்து, நடுப்பள்ளத்துக்குள் தள்ளுங்கள். ஒரு பக்கம் விளிம்பு பள்ளத்துக்குள் இருந்தால்தான் எதிர்ப்பக்கம் ரயரை நெம்பும் லீவருக்கு இளகும். பலத்தால் நெம்புகிறவர் இந்தப் பள்ளத்தை மறந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரைத் தாராளமாகத் தடவுங்கள், கிறீஸ் வேண்டாம்.

ரியூப்பை எடுத்ததும் காற்றடித்துத் துளையைத் தேடுங்கள். துளை எங்கே இருக்கிறது என்பது காரணத்தையும் சொல்லும். வெளிப்பக்கத்தில் ஒற்றைத் துளை என்றால் ஆணியோ முள்ளோ. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், காற்றுக் குறைவாக ஓடிக் குழியில் விழுந்தபோது ரியூப் றிம்முக்கும் ரயருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது, அல்லது போன தடவை லீவர் கடித்திருக்கிறது. உட்பக்கத்தில், அதாவது றிம் பக்கம் துளை என்றால் நிப்பிள் குத்தியிருக்கிறது, நிப்பிளை மூடும் றிம் பட்டி சரியில்லை. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காற்றுக் குறைவால் ரயர் றிம்மில் வழுக்கி ரியூப்பையும் இழுத்திருக்கிறது. அப்படிக் கிழிந்த ரியூப்பை ஒட்ட முயலாதீர்கள்.

வெளிப்பக்கத் துளை என்றால் சோக்குக் கோட்டுக்கு நேரே வால்வை வைத்து ரியூப்பை ரயரின் மேல் படுக்க வைத்தால் குத்திய இடம் பிடிபட்டுவிடும். உடைமுள் பெரும்பாலும் உள்ளே முறிந்து நிற்கும், வெளியே தெரியாது. வேலி அடைக்கும் காலத்தில் ஒழுங்கையில் சிதறும் கம்பித் துண்டும் அப்படித்தான். ரயரின் உட்புறம் முழுவதும் ஒரு பழந்துணியால் துடைத்து வாருங்கள், முள் இருக்கும் இடத்தில் துணி பிடிக்கும். இதைச் செய்யாமல் புது ரியூப் போட்டால் அடுத்த சந்திக்குள் அதுவும் போய்விடும்.

பிறகு றிம் பட்டி. நிப்பிள் தலைகளை மூடி றிம்மைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையம் அது. விலை மிகக் குறைவு. இருந்தும் எல்லோரும் மறப்பது இதைத்தான். வெடித்திருந்தால், விலகியிருந்தால் மாற்றுங்கள். கடையில் நின்றால், “அண்ணை, றிம் பட்டியையும் ஒருக்கா பாருங்கோ” என்று கேட்கத் தயங்க வேண்டாம். பட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி முனை இருந்தால் அராவிவிட்டே பட்டியைப் போட வேண்டும்.

ரியூப்பின் அளவு ரயரின் அளவோடு பொருந்த வேண்டும். சின்ன ரியூப்பை அடித்துப் பெரிதாக்கினால் ரப்பர் மெலிந்துவிடும், பெரியது உள்ளே மடிந்து மடிப்பில் வெடிக்கும். ஒட்டின ரியூப் ஓடும், ஆனால் வேகத்திலும் மதிய வெயிலிலும் சில்லுச் சூடேறும்போது ஒட்டு இளகக்கூடும். தினமும் பரந்தன், கிளிநொச்சி என்று ஏ9 வீதியில் போய் வருபவர் புது ரியூப் போட்டு, ஒட்டியதை அவசரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

போடும்போது ரியூப்புக்குக் கொஞ்சம் காற்றுக் கொடுத்து, உருண்டையாக நிற்கும் அளவுக்கு, முகப்பவுடர் தூவி உள்ளே வையுங்கள். ரயரின் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். விளிம்பை ஏற்றும் வேலையை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசி இடத்தில் வால்வை உள்ளே தள்ளிவிட்டு விளிம்பை ஏற்றினால் ரியூப் நசுங்காது. அந்தக் கடைசி நாலு விரல் அளவில்தான் லீவர் ரியூப்பைக் கடிக்கும், அங்கே அவசரம் கூடாது.

காற்றடித்து ரயரைச் சுற்றிவர இருக்கும் மெல்லிய கோடு றிம்மில் இருந்து ஒரே தூரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை விட்டு, சவர்க்காரத் தண்ணீர் தடவி, திரும்ப அடியுங்கள். ரயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். வால்வின் அடி நட்டை றிம்மோடு முறுக்கி இறுக்காதீர்கள். மூடிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டால், ரயர் வழுக்கி வால்வு சாயத் தொடங்கும்போது கண்ணுக்குத் தெரியும். இறுக்கி வைத்தால் சாயாது, அடியில் கிழியும்.

காற்றின் அளவு செயின் மூடியிலோ பின் சில்லைத் தாங்கும் கையிலோ ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் இருக்கிறது, ஒருவர் போவதற்கு ஒன்று, பின்னால் ஆள் இருந்தால் ஒன்று. காலையில், ஓடுவதற்கு முன், வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். மதியம் ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பிக் காற்றை விட்டுவிடாதீர்கள்.

தூரம் போகும்போது

யாழ்ப்பாண நகரத்துக்குள் என்றால் ஒட்டுக்கடை தேடி அலைய வேண்டியதில்லை. சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரி வழியாக மன்னார் போகும்போதோ, குறிகாட்டுவானில் பைக்கைப் படகில் ஏற்றி நெடுந்தீவு போகும்போதோ அப்படி நினைக்க முடியாது. சில்லுக்கு ஏற்ற ரியூப் ஒன்று, லீவர் இரண்டு, அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர், கைப்பம்ப், வால்வூசி கழற்றும் சின்னச் சாவி, கொஞ்சம் சவர்க்காரம் எல்லாம் பையில் இருக்கட்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்றால் இரண்டு ரியூப்பும் வேண்டும். ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் விட்டம் கூடிய சில்லுக்குரியதை எடுங்கள், அது பெரும்பாலும் முன் சில்லுதான். 18 அங்குல ரியூப்பை 17 அங்குலத்தில் மடித்துப் போட்டு மெதுவாக அடுத்த ஊர்வரை வருபவர்கள் இருக்கிறார்கள். அது கடைவரை வந்து சேரத்தான், அதோடு தொடர்ந்து ஓடக்கூடாது.

வழியில் காற்றுப் போனால் பிரேக்கைப் பட்டென்று பிடிக்காதீர்கள். திறொட்டிலை விட்டு, ஹான்டிலை நேராக வைத்து, காற்றுப் போகாத சில்லின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து ஓரத்துக்கு வாருங்கள். காற்றில்லாத ரயரோடு ஓட்டிக்கொண்டு போனால் வால்வு கிழியும், ரயரின் பக்கச் சுவரும் உள்ளே அரைபட்டுப் போகும். ரியூப் மாற்றிய பிறகு முதல் சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, அச்சு நட்டையும் பிரேக் தட்டின் தண்டையும் கையால் தொட்டுப் பாருங்கள், கம்பிகளை ஒவ்வொன்றாக ஸ்பனரால் தட்டிப் பாருங்கள். இறுகிய கம்பி கணீரென்று கேட்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். மொத்தென்று கேட்ட கம்பிக்கு ஒரு துண்டு ரேப் ஒட்டி அடையாளம் வைத்து, அன்றைக்கே நெளிவு எடுப்பவரிடம் காட்டிவிடுங்கள்.